ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு குமிழி

உலகம் இன்னும் வெடித்துச் சிதறாமல் இருப்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். எங்கள் அத்தை. ராணுவம், மந்திரிகள், தீயணைப்பு வண்டி எல்லாம் சும்மா ஒப்புக்கு. காற்றுகூட எங்கள் அத்தை இருக்கும் தெருவுக்குள் வந்தால் பூனை மாதிரி சுவரோரமாகத்தான் போகும். எந்தக் குழாயிலிருந்தும், எந்த மூடியிலிருந்தும், எந்த மனிதன் வாயிலிருந்தும் அவளுக்குத் தெரியாமல் ஒரு துளிக் காற்று வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சரித்திரத்தில் நான் தேறவில்லை என்பது வேறு விஷயம். கணக்கிலும் தேறவில்லை. பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

அத்தை, அப்பாவின் அக்கா. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவாள். அதனால் வீட்டில் அப்பா, அத்தை, நான் மூன்று பேர். அப்பா சின்னச் சரக்கு வேன் ஓட்டுகிறார். அத்தை வேலை பார்ப்பது சமையல் கேஸ் நிரப்பும் ஆலையில்.

அங்கே நிரப்பின சிலிண்டர்கள் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரிசையாக வந்து ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டியில் முங்கி எழும். தொட்டியின் அடியில் கண்ணாடி போட்ட விளக்கு. மேலே இரும்பு மேடை, மேடையில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அத்தை. சிலிண்டர் முங்கும்போது எங்கிருந்தாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கிளம்பினால் பொத்தானை அழுத்துவாள். சங்கிலி நிற்கும். பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து அந்தச் சிலிண்டரின் தலையில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். அதோடு அதன் கதை முடிந்தது. ஆலையில் அவளை எல்லோரும் கூப்பிடுவது 'குமிழி' என்றுதான். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன்.

குமிழி பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை எனக்கு அவள் சொன்னது, நான் டியூஷனுக்குப் போனதாகச் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் தூங்கி மாட்டிக்கொண்ட அன்று.

"ஒத்தக் குமிழியைப் பாத்துட்டு அலறக் கூடாதுடி. வால்வு ஓரத்துல ஒட்டிக்கிட்டு வந்த காத்து சும்மா ஒண்ணு கிளம்பும். அதே இடத்துலேருந்து ரெண்டாவது வருதான்னு பொறுமையா பாக்கணும். வந்துச்சா, அதான் கசிவு. நேத்து நீ சொன்னது ஒண்ணு. இன்னைக்குச் சொன்னது ரெண்டு."

வீட்டிலும் அவளுக்கு ஓய்வு கிடையாது. சமையலறை ஜன்னலில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷும் எப்போதும் இருக்கும். காலையில் எழுந்ததும் அடுப்புக் குழாயில் ஒரு பூச்சு; கசிந்தால் அங்கே குமிழி வரும். அப்புறம் வேனின் டயர் வால்வில் ஒரு பூச்சு. என் தண்ணீர் பாட்டில் மூடிக்கும் பூச்சு உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கத் தண்ணீரில் சோப்பு வாசனையோடுதான் படித்தேன், அல்லது படிக்காமல் இருந்தேன். மனிதர்களுக்குப் பூச முடியாது என்பதால் அவர்களைக் கண்ணால் மட்டும் சோதிப்பாள்.

"அந்த ஆள் யாருடா, நம்ம வாசலையே பாத்துட்டுப் போறான்?"

"அக்கா, அவர் காய்கறி வண்டிக்காரர். தினமும் வர்றவர்."

"தினமும் வர்றதுதான் எனக்குச் சந்தேகம்."

இப்படிப்பட்டவளுக்குப் பல் போனது. மேல் வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கழற்றி மாட்டுகிற பல் கட்டு ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குக் குமட்டும், பேசினால் ஆடும். ஆனாலும் மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் பெரிதாக ஒரு தும்மல். பல் கட்டு பறந்து தொட்டிக்குள் விழுந்தது. விழுந்ததும் நேராக விளக்குக் கண்ணாடி மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கீழேயிருந்து வெளிச்சம். தண்ணீருக்கடியில் அந்தப் பற்கள் மட்டும் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தன. ஷிப்ட் முழுவதும் மேடையேறி வந்து வேடிக்கை பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் பல்லிடுக்கிலிருந்து ஒரு குமிழி மெதுவாக மேலே வந்திருக்கிறது.

"குமிழி, உன் பல்லே கசியுது. சாக்பீஸ எடு," என்றாளாம் சிலிண்டர் எடை போடுகிறவள்.

கேட்டபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போதும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆனால் அதற்கப்புறம் அத்தை அந்தக் கட்டைத் தொடவே இல்லை. மதியச் சாப்பாட்டை வால்வு அடுக்கி வைக்கும் அறைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பேசினால் வாய் மேல் கை. சிரிப்பு வந்தால் உதட்டை மடித்து உள்ளேயே வைத்துக்கொள்வாள். எனக்கு இதனால் தொழில் நஷ்டம். குறும்பு செய்கிறவளுக்குச் சிரிக்கிற ஆள் ஒருவராவது வேண்டும். அப்பா சிரிக்க மாட்டார். அவருக்கு நகைச்சுவை புரிய மறுநாள் ஆகும்.

அப்பாதான் பிடிவாதமாக ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன், வேறு வேலை இல்லாததால்.

டாக்டர் கலகலவென்று பேசுகிற மனிதர். எதற்கெடுத்தாலும் சிரித்தார். அத்தை என் காதில், "எதுக்குடி சிரிக்கிறான்? எதையோ மறைக்கிறான்," என்றாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"இங்க பாருங்கம்மா. மேல் தாடைக்கு மேலே, கன்னத்துக்குள்ள ஒரு காத்து அறை இருக்கு. சைனஸ். பல் போனதும் எலும்பு கரைஞ்சு போச்சு, அறையும் கீழே தொங்கிடுச்சு. இப்ப மிச்சம் இருக்கிற எலும்பு முட்டை ஓடு மாதிரிதான். புதுப் பல்லுக்கான திருகை இதுல வச்சா நிக்காது."

"என் மூஞ்சிக்குள்ள காத்து அறை இருக்குன்னு இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே."

"எல்லாருக்கும் இருக்கும்மா."

"எல்லாருக்கும் இருந்தா எனக்கு மட்டும் ஏன் தொங்குது?"

டாக்டர் சிரித்தார். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அவர் சொன்னார்: பக்கவாட்டில் எலும்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்ட வேண்டும். அறையின் உள்தோலை, முட்டைக்குள் இருக்குமே ஒரு மெல்லிய தோல், அது மாதிரியானதை, அலுங்காமல் மேலே தூக்க வேண்டும். தூக்கினால் கிடைக்கும் இடத்தில் எலும்புத் தூளை நிரப்ப வேண்டும். சில மாதங்களில் உடம்பு அதைத் தன் எலும்பாக மாற்றிக்கொள்ளும். அப்புறம் திருகு, அப்புறம் பல். கழற்ற வேண்டாம், ஆடாது, தும்மினாலும் பறக்காது.

கடைசி வாக்கியத்தில் அத்தையின் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் உடனே பழையபடி ஆகிவிட்டது.

"யாரோட எலும்பு?"

"மாட்டெலும்பும்மா. நல்லா சுட்டு, சுத்தம் பண்ணி, சத்து மட்டும் மிச்சம் வச்சது. சீல் போட்டு வரும்."

"எந்த மாடு?"

"நல்ல மாடுதான்."

"நீங்க பாத்தீங்களா?"

டாக்டர் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடி, மெல்லிசாக, "ம்ம்மா," என்றேன். அத்தையின் முழங்கை என் விலாவில் வந்து இறங்கியது. கண்டுபிடிப்பதில் மட்டுமல்ல, குறி வைப்பதிலும் அவள் கெட்டிதான்.

ஆபரேஷன் அன்று அந்தப் புட்டியைத் தன் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கட்டைவிரல் அளவு கண்ணாடிப் புட்டி. உள்ளே கல்லுப்பு மாதிரி வெள்ளைத் துகள். அத்தை அதை வாங்கி மூடியைக் காதோரம் வைத்துக் கேட்டாள், சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். நர்ஸ் பெண் பாவம், கையுறை போட்ட கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே அப்பா ஒரே பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சலிப்பாக இருந்ததால் மட்டும் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

முடிந்து உள்ளே கூப்பிட்டார்கள். அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பி, வாயில் பஞ்சு. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்:

"நல்லபடியா முடிஞ்சுது. ஒண்ணு மட்டும். உள்தோலைத் தூக்கும்போது ஊசிமுனை அளவு ஒரு கிழிசல் விழுந்துச்சு. இது சகஜம்தான். மேல ஒரு மெல்லிய சவ்வு வச்சு மூடிட்டுத்தான் எலும்பு நிரப்பியிருக்கேன்."

பஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல். "ஒட்டா?"

"ஆமாம்மா, ஒட்டுப் போட்ட மாதிரிதான்."

அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்கு மேலே சொல்லிக்கொண்டே போனார். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயை அகலத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எதையும் ஊதவே கூடாது. தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க வேண்டும். மூக்கில் கொஞ்சம் ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம்.

"மூக்குல அழுத்தம் போச்சுன்னா ஒட்டு விலகிடும். எலும்பு அறைக்குள்ள சிதறிடும். அப்புறம் எல்லாத்தையும் வழிச்செடுக்கணும். உங்களுக்கு இருக்கிற எலும்புக்கு இன்னொரு தடவை செய்ய முடியுமான்னு என்னால சொல்ல முடியாது. அதனால ஜாக்கிரதை."

வேனில் திரும்பி வரும்போது அத்தை கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில்.

"ஊதிப் பாத்துச் சோதிக்காதேங்கறான்," என்றாள் பஞ்சோடு.

"பேசாத அக்கா, தையல் பிரிஞ்சுடும்."

"ஒட்டுப் போட்டவனே சோதிக்காதேன்னா என்னடா அர்த்தம்?"

அப்பாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆலையில் ரிப்பேர் பார்த்த வால்வைத் தண்ணீரில் முக்காமல் வெளியே அனுப்புவது என்பது நடக்கவே நடக்காது. ஒரே ஒருவன், 'இதெல்லாம் பாக்க வேணாம், நான்தான் மாட்டினேன்' என்று சொல்லியிருக்கிறான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையமே இல்லை. அன்றிலிருந்து, சோதிக்க வேண்டாம் என்று யார் சொன்னாலும் அத்தைக்கு அது வாக்குமூலம் மாதிரி.

அடுத்த சில நாட்கள் அத்தை லீவில் வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் ஆள் இருந்தால் எனக்குக் கை அரிக்கும். வழக்கமான குறும்புகளைத் தொடங்கினேன். குளித்துவிட்டு வந்தால் அத்தை பவுடரை மேகம் மாதிரி கிளப்பிப் போட்டுக்கொள்வாள். அந்த டப்பாவை எடுத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கத்தினாள். விளையாட்டுக்கு என்றேன். அவளுடைய பழைய பஞ்சுத் தலையணை தொட்டால் தூசி பறக்கும். அது எனக்கு வேண்டும் என்று திருடிக்கொண்டு, என்னுடைய ரப்பர் தலையணைகள் இரண்டையும் அவள் கட்டிலில் போட்டுவிட்டேன். 'தலையணைத் திருடி' என்று பட்டம் கிடைத்தது. காலையில் அவள் எழுவதற்கு முன் அவள் அறைத் தரையை ஈரத் துணியால் துடைத்து வைத்தேன். வழுக்குகிறாளா பார்க்கலாம் என்றுதான். ஒவ்வொரு நாளும் அவள் எழுவதற்குள் காய்ந்துபோய் அந்தக் குறும்பு மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது.

இவ்வளவுக்கும் மீறி ஒரு தும்மல் வந்தது. வாயை அகலத் திறந்து, லாரி பிரேக் விட்டது மாதிரி ஒரு சத்தம். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. தும்மிய பிறகு மூக்கைத் துடைத்துக் கைக்குட்டையைப் பார்த்தாள். இத்துனூண்டு ரத்தம்.

"கசியுது," என்றாள்.

"அத்தை, அது வரும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரே."

"கசியப் போறது தெரிஞ்சதாலதான் முன்னாடியே சொல்லி வச்சிருக்கான்."

டாக்டர் சொல்லாமல் இருந்தாலும் தப்பு, சொன்னாலும் தப்பு. அன்று சாயங்காலமே அவள் ஒரு திட்டம் போட்டுவிட்டாள். என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை உங்கப்பன் வண்டியக் கழுவப் போவான்ல, அப்ப. ஈறுல தையல் போட்ட இடத்துல சோப்புத் தண்ணிய லேசா தடவிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதினா, உள்ள ஓட்டை இருந்தா காத்து அந்த வழியா வந்துதானே ஆகணும்? குமிழி கிளம்பும். ரெண்டாவது குமிழி வந்துச்சுன்னா நேரா போய் அவன் சட்டையப் பிடிக்கறேன். என் கை ரெண்டும் பத்தாது. நீ டார்ச் பிடிக்கணும்."

"ஊதினாத்தான் அத்தை கிழியும். ஊதக் கூடாதுன்னாரே."

"நீ எப்பலேருந்துடி பெரியவங்க பேச்சைக் கேக்கற? அவன் உனக்கு என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல."

"வெளிய மூச்சு விட்டே, வாலை ஒட்ட நறுக்கிடுவேன்."

என் பட்டப்பெயர் வாலு. அதனால்தான் அப்படிச் சொன்னாள்.

எனக்குப் பயம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னால் அவர் கெஞ்சுவார். அவள் தலையாட்டிவிட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு தனியாகச் செய்வாள். டாக்டரிடம் சொன்னால் அவர் போன் செய்து ஊதாதீர்கள் என்பார். அதைக் கேட்டதும் இப்போதே ஊதுவாள். நான் உண்மையைச் சொன்னால், நான் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடும். இத்தனை வருடம் உழைத்துச் சேர்த்த பெயர் அது. அப்போதுதான் புத்தியில் ஒரு விளக்கு எரிந்தது. சொல்வதைக் கேட்காத ஆளைத் திருப்ப வேண்டுமென்றால், சொல்ல வேண்டியதற்கு நேர் எதிராகச் சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வாளியோடு வெளியே போனார். அத்தை சமையலறை ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். பிரஷை வெந்நீரில் கழுவினாள். புதுக் கிண்ணத்தில் புதுச் சோப்புத் தண்ணீர். ஆலையில் உட்காருவது மாதிரி ஸ்டூலைத் துடைத்து உட்கார்ந்தாள். நான் டார்ச்சுக்கு பேட்டரி எடுத்து வருகிறேன் என்று வாசல் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்தேன்.

"அத்தை, கிளினிக்லேருந்து போன் வந்துச்சு."

பிரஷ் நின்றது. "என்னவாம்?"

"மூக்கை நல்லா பலமா சிந்தச் சொல்றாங்க. இன்னைக்கே. எவ்வளவு பலமா முடியுமோ அவ்வளவு பலமா."

"யாரு பேசினது?"

"முன்னாடி மேஜையில உக்காந்திருப்பாங்களே, அவங்க."

"ஞாயித்துக்கிழமையா?"

"அவசரமாம்."

"அன்னைக்கு சிந்தவே கூடாதுன்னான்?"

"இன்னைக்கு சிந்தியே ஆகணுமாம்."

அத்தை என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்க்கிற பார்வை அது. கண் இமைக்காது, கோபம் இருக்காது. முங்கிய சிலிண்டரை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது போல அடியிலிருந்து நுனி வரை பார்க்கும். நான் டார்ச்சின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றேன்.

பிறகு பிரஷைக் கீழே வைத்தாள்.

"திருட்டுப் பய. ஒட்டு நிக்கலைன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு. என்னைச் சிந்த வச்சு, நான் சிந்தினதாலதான் கிழிஞ்சுதுன்னு பழிய என் மூக்கு மேல போடப் பாக்கறான். சிந்த மாட்டேன். ஊதவும் மாட்டேன். என் மூக்குலேருந்து ஒரு துளிக் காத்து அவனுக்குக் கிடைக்காது."

சோப்புத் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சரித்திரத்திலும் கணக்கிலும் தேறாத ஒருத்தி, உலகத்தைக் காப்பாற்றுகிறவளையே ஏமாற்றிவிட்டாள். இதற்கு ஒரு பதக்கம் இருந்தால் அது எனக்குத்தான் வர வேண்டும்.

அதற்கப்புறம் அவள் மூக்கைப் புதையல் மாதிரி பாதுகாத்தாள். தும்மல் வந்தால் வாய் அகலத் திறந்தது. சூடாக எதையும் ஊதிக் குடிக்கவில்லை; ஆறும் வரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் பிரித்தார்கள். வேலைக்குத் திரும்பினாள். மாதங்கள் போயின. எலும்பு பிடித்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது.

அப்பாவோடு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் வாசலிலேயே, முன் மேஜையில், அந்த அக்கா உட்கார்ந்திருந்தார், வராத போனில் நான் பேச வைத்த அதே அக்கா. அத்தை உள்ளே போய் உட்கார்ந்தாள். டாக்டர் திரையைத் திருப்பினார்.

"அந்தக் கறுப்பு என்ன?"

"காத்தும்மா. அறைக்குள்ள இருக்க வேண்டிய காத்து."

"கீழ இருக்கிற வெள்ளை?"

"நாம வச்ச எலும்பு. மேடு மாதிரி நிக்குது பாருங்க. ஒட்டு கொஞ்சம்கூட நகரல. இதுல திருகு தாராளமா நிக்கும். சொன்னபடி ஒழுங்கா இருந்திருக்கீங்க."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போனேன். இப்போது கேட்பாள்: எதற்குச் சிந்தச் சொன்னீர்கள்? அத்தை தலையைத் திருப்பி, திறந்திருந்த கதவு வழியாக அந்த மேஜையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.

"எந்த மாடுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே," என்றாள்.

வயசாகிறது, போன் விஷயத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருகு வைத்தார்கள். அது பிடித்ததும் அதன் மேல் பல் வைத்தார்கள். புதுப் பல்லோடு வேலைக்குப் போன முதல் நாள் அத்தை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டு போய் ஆலை வாசல் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். சாப்பாட்டுக் கொட்டகையில், சுவரைப் பார்த்து அல்ல, நீள பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பச்சைக் கேரட்டை வலது பக்கத்தில் வைத்துக் கடித்தாள். சத்தம் வேலி வரைக்கும் கேட்டது.

எடை போடுகிறவள் சும்மா இருப்பாளா? "குமிழி, புதுப் பல்லைச் சோதிச்சாச்சா? இல்ல தொட்டில ஒரு தடவை முக்கி எடுக்கட்டுமா?"

"முதல்ல உன் வாயை முக்கணும். அதுலதான் நிக்காம காத்து போகுது," என்றாள் அத்தை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். கையால் மூடவில்லை. மேல் வரிசை முழுக்கத் தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கேரட் பிடித்த கையால் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஆலைப் பக்கம் தூசி அதிகம்.

இவ்வளவுதான் எங்கள் அத்தையின் கதை என்று முடித்துவிட்டு, இன்று மதியம் பேனாவை மூடப் போனேன். பின்னாலிருந்து சோப்பு வாசனை வந்தது. எவ்வளவு நேரமாக நின்று படித்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

"பவுடர் டப்பாவை விளையாட்டுக்கு ஒளிச்சேன்னு எழுதியிருக்க."

"ஆமா அத்தை. விளையாட்டுக்குத்தான்."

"தலையணை?"

"அதுவும்தான்."

"தரையைத் துடைச்சது, நான் வழுக்கி விழறதுக்கு?"

"ஆமா."

"தினமும்?"

நான் பேனாவின் மூடியைத் திருகினேன். அத்தை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"போன் விஷயத்துல என்னை ஏமாத்திட்டேன்னு பதக்கம் வேற கேட்டிருக்க."

"ஏமாறலையா?"

"நீ பொய் சொல்றப்ப உன் மூக்கு நுனி சிரிக்கும். பொறந்ததுலேருந்து பாக்கறேன். அன்னைக்கு அது சிரிக்கல. உதடு வெளுத்துப்போய் நின்னே, டார்ச் மூடியை மாத்தி மாத்தித் திருகிக்கிட்டு. எதுக்கும் பயப்படாத கழுதை இவ்வளவு பயப்படுதுன்னா, ஊதினா நெசமாவே கிழியும் போலிருக்குன்னு தோணுச்சு. அதான் கொட்டினேன். அந்த டாக்டரை இன்னைக்கும் நான் நம்பல."

"அப்ப அவரைத் திட்டினது?"

"கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு சந்தோஷமா நின்னுட்டிருந்தே. எதுக்குக் கெடுக்கணும்?"

காகிதத்தை மடிக்கப் பார்த்தேன். அவள் விரல் கடைசிப் பக்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

"இங்க என்ன எழுதியிருக்க? கண்ணுல தூசியா?"

"ஆலைப் பக்கம் தூசி அதிகம் அத்தை."

"எங்க ஆலையில தூசியே கிடையாதுடி. தீப்பொறி பறக்கக் கூடாதுன்னு நாள் பூரா தரையில தண்ணி அடிக்கிறோம்."

"வெளிய ரோட்டுல..."

"உஷ். அசையாத."

என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணுக்குக் கீழே உற்றுப் பார்த்தாள். ஒன்று கிளம்பிக் கன்னத்தில் இறங்கியது. அவள் அவசரப்படவில்லை. பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ம். அதே இடத்துலேருந்து ரெண்டாவது வருது," என்றாள்.

பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து என் நெற்றியில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.